பேயுருவும் நான்கு கட்டங்களும்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கும், அடுத்து திருக்கல்யாணம். பிட்சாடனர் வீதியுலா வரும் நாளில் மாடிகளில் நிற்பவர்கள் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே கூட்டம் கைநீட்டித் தாவிப் பிடிக்கும். ஊரெங்கும் கட்டும் பேனர்களில் பெரும்பாலும் ஒரே முகம்தான்: பட்டுப் புடவை, நெற்றிச்சுட்டி, கையில் மாங்கனித் தட்டுடன் இளம்பெண் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆனவர். அவர் தானாகக் கேட்டுப் பெற்ற பேயுருவை அந்தப் பேனர்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இது எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் அந்த அழகைத்தான் அவர் வேண்டாம் என்றார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை நாம் அறிந்ததுதான். வணிகனான கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதி சிவனடியார் ஒருவருக்கு இட்டுவிடுகிறார். கணவன் இரண்டாவது பழத்தைக் கேட்கிறான். இறைவனை வேண்ட, ஒரு கனி கைக்கு வருகிறது. ருசி வேறாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று விசாரணை. உண்மையைச் சொன்னால், அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வந்த கனி அவன் கையில் நிற்காமல் மறைகிறது. மனைவியைக் கண்டு அஞ்சியவன் கடல் வணிகத்துக்கெனக் கப்பல் ஏறி, திரும்பியபின் பாண்டிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். உறவினர்கள் புனிதவதியைப் பல்லக்கில் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இரண்டாம் மனைவி, குழந்தையோடு அவன் அவர் காலில் விழுகிறான். அந்த இடத்தில்தான் புனிதவதி, இவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எனக்கு எதற்கு என்று தசையை உதறுகிறார். பிறகு திருவாலங்காட்டில் பாடிய பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிவிழுந்த கண்ணும் கொண்ட பெண்பேயைத் தயக்கமே இல்லாமல் வரைகிறார். தேவார மூவருக்கும் முந்தையவராகக் கருதப்படும் ஒரு பெண், பார்ப்பவன் கண்ணுக்காக ஒரு வரிகூட மெருகேற்றாமல் வரைந்த உடல் அது.

இணையக் கட்டப்படங்களைப் பற்றி எழுத வந்த இடத்தில் அம்மையாரை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கும் வழக்கு இதேதான்: பெண்ணுடலை வரைவது யார், யார் கண்ணுக்காக?

1990களின் கடைசியில் வட அமெரிக்காவில் 'யூசர் ஃப்ரெண்ட்லி', 'பென்னி ஆர்கேட்', 'பிவிபி' என்று வெப்காமிக்ஸ் வரிசையாகத் தொடங்கின. இவற்றை வரைந்தவர்கள் ஆண்கள். பின்னணி கம்ப்யூட்டரும் வீடியோ கேமும். பத்திரிகை ஆசிரியர், பதிப்பாளர் என்ற இடைத்தடை எதுவும் இல்லாத புது ஊடகம். ஆனால் அந்த வகைப் படங்கள் பலவற்றில் பெண் மட்டும் பழையபடிதான் வந்தாள்: அலுத்துக்கொள்ளும் காதலியாக, அல்லது வளைத்து நெளித்து வரைந்த உடலாக.

இவற்றில் ஒரு படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 'கண்ட்ரோல் ஆல்ட் டெலீட்' என்ற தொடரில் 2008 ஜூன் மாதம் டிம் பக்லி வரைந்த 'லாஸ்' என்ற படம். நான்கு கட்டங்கள், ஒரு சொல்கூடக் கிடையாது. முதல் கட்டத்தில் நாயகன் மருத்துவமனைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறான். இரண்டாவதில் வரவேற்பில் இருப்பவரிடம் விசாரிக்கிறான். மூன்றாவதில் டாக்டர் எதிரே நிற்கிறான். நான்காவதில் அவன் துணைவி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், கரு கலைந்துவிட்டது. அதுவரை கேம் ஜோக்காக ஓடிக்கொண்டிருந்த தொடரில் திடீரென்று இப்படி ஒரு படம் வந்ததும் இணையம் கேலியில் இறங்கியது. ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்றும் படுத்த ஒன்றுமாக வெறும் கோடுகள் போட்டாலே இந்தப் படம்தான் என்று தெரிகிற அளவுக்கு அந்தக் கேலி பல ஆண்டுகள் ஓடியது. கேலி செய்தவர்களில் பலருக்கு அது நேரங்கெட்ட சோகம் என்பதுதான் சிரிப்பு. எனக்குக் கண்ணில் படுவது வேறு. இழப்பு அவளுடையது, நான்கு கட்டங்களிலும் நிற்பவன் அவன். அவள் வருவதே கடைசிக் கட்டத்தில், அதுவும் அவன் முகத்தில் துயரத்தை வரவழைப்பதற்காக. சேக்கிழாரின் கடைசிக் கட்டத்தில் கீழே கிடப்பவன் கணவன், நிற்பவள் மனைவி.

இதே 2008ல் ராண்டல் மன்றோவின் 'எக்ஸ்கேசிடி'யில் இரண்டே கட்டங்களில் ஒரு குச்சிப்படம் வந்தது. முதல் கட்டத்தில் கரும்பலகையில் ஒருவன் கணக்கைத் தப்பாகப் போடுகிறான். உனக்குக் கணக்கு வரவில்லை என்கிறான் நண்பன். அடுத்த கட்டத்தில் அதே பலகை, அதே தப்பு, போடுவது பெண். பெண்களுக்கே கணக்கு வராது என்கிறான் அவன். இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தலைமுடி மட்டும். சாலையில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வீடியோக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. தப்பாகத் திரும்பும் ஆண் தனி ஆள். தப்பாகத் திரும்பும் பெண் மொத்தப் பெண்களின் பிரதிநிதி.

கனடாவின் கேட் பீட்டன் தோழியர் இருவரோடு சேர்ந்து 2011ல் 'ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர்ஸ்' என்று வரைந்தார். ஆண் எழுத்தாளர்கள் வீராங்கனை என்ற பெயரில் உருவாக்கும் அரைகுறை ஆடைப் பொம்மைகளை அப்படியே மிகைப்படுத்திய கேலி அது. மறு ஆண்டு 'ஹாக்கை இனிஷியேட்டிவ்'. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்களை எந்த நெளிவில் வரைகிறார்களோ, அதே நெளிவில் ஹாக்கை என்ற ஆண் வீரனைப் பலரும் வரைந்து போட்டார்கள். முதுகெலும்பு உள்ள யாரும் அப்படி நிற்க முடியாது என்பது ஆணை அந்த நிலையில் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

தமிழில் இதற்கு ஈடான பழைய களம் வார இதழ்களின் ஜோக் பக்கம். பூரிக்கட்டையோடு மனைவி, கதவுக்குப் பின்னால் கணவன், ஊரிலிருந்து மாமியார் வருகிறார் என்றதும் மயக்கம், மேனேஜரும் ஸ்டெனோவும். எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆயிரம் ஜோக்குகள்! அவற்றைப் படித்துச் சிரித்த பெண்களில் நானும் ஒருத்தி. அந்தப் பூரிக்கட்டை இன்று மீமாகிக் கைபேசியில் வருகிறது. படம் மாறியிருக்கிறது, வசனம் அதேதான். ஒரு கட்டத்து ஜோக்குக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களில் விடுதலையானார். பிறகு வழக்குப் போட்டு 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். அவர் பக்கம்தான் நியாயம். அதே பக்கங்களில் அடிவாங்கிக்கொண்டே இருந்த மனைவிமார்களுக்கு யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் வேண்டாம். பதில் வரைய ஒரு கட்டம் இருந்தால் போதும். அது கிடைக்கவில்லை.

இணையம் அந்தக் கட்டத்தைக் கொடுத்தது. 2014ல் ஆர்த்தி பார்த்தசாரதி 'ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்' தொடங்கினார். முகலாய, ராஜபுத்திரப் பாணிப் பழைய நுண்ணோவியங்களை எடுத்து, அந்தப்புரத்தில் சாய்ந்திருக்கும் பெண்களின் வாயில் இன்றைய பேச்சை வைத்தார். அலங்காரத்துக்காக வரையப்பட்டவர்கள் வாய் திறந்து சாதியையும் ஆணாதிக்கத்தையும் விவாதிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ரச்சிதா தனேஜாவின் 'சானிட்டரி பேனல்ஸ்'. குச்சி உருவங்கள், கையெழுத்து, அவ்வளவுதான். நாப்கின் முதல் நீதிமன்றம் வரை வரைந்தார். உச்ச நீதிமன்றம் குறித்த படங்களுக்காக 2020 டிசம்பரில் அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கு அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் தந்தார். 2024ல் கார்ட்டூன் துணிவுக்கான கோபி அன்னான் விருதை ஹாங்காங் ஓவியர் ஜுன்ஸியுடன் பகிர்ந்துகொண்டார்.

குச்சி உருவம் என்பது சித்திரம் வராததன் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இடுப்பும் மார்பும் இல்லாத கோட்டுருவத்தில் பெண்ணைப் பார்க்கும்போது, அவள் சொல்வதைத் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அம்மையாரின் எலும்புருவம் செய்ததும் அதைத்தான். சோழச் சிற்பிகளுக்கு இது புரிந்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடல்வல்லானின் காலடியில் தாளம் போடும் அந்த மெலிந்த உருவத்தை அழகாக்க அவர்கள் முயலவில்லை. சினிமாவுக்கு அந்தத் துணிவு வரவில்லை. 1973ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் இளம் புனிதவதி லட்சுமி. உருமாறிய பின் கே.பி. சுந்தராம்பாள். குரல் கம்பீரமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் பேய் என்று கேட்டவருக்குக் கிடைத்தது திருநீறு பூசிய பாட்டி.

ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே சொல்வது காரைக்காலுக்குப் பழங்கதை மட்டுமல்ல. அங்குள்ள நெடுங்காடு தொகுதியின் சந்திர பிரியங்கா 2021ல் புதுச்சேரி அமைச்சரானார். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் அந்த யூனியன் பிரதேசத்துக்குக் கிடைத்த பெண் அமைச்சர். 2023 அக்டோபரில் சாதி, பாலினப் பாகுபாட்டையும் பணபலத்தையும் காரணமாகச் சொல்லிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவரை நீக்க முதல்வர் முன்பே பரிந்துரைத்துவிட்டார் என்பது மறுதரப்பு. எந்தத் தரப்பை நம்பினாலும், பதவியில் இருந்த ஒரு பெண் இதை எழுத்தில் வைத்தார் என்பதைக் கடந்துபோக முடியாது.

அதே காரைக்காலில் ஔவையார் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. மாங்கனித் திருவிழாவுக்கு ஊரே பேனர் அடிக்கும் நாட்களில், அந்தக் கல்லூரிப் பெண்களிடம் புனிதவதி கதையை நான்கு கட்டத்தில் வரையச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஓவியம் கற்றிருக்க வேண்டியதில்லை. குச்சி உருவமும் கைபேசியும் போதும். எந்த நான்கு தருணம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மாம்பழ விசாரணையைச் சிலர் சிரிக்கச் சிரிக்க வரைவார்கள். அதில் சிரிக்க நிறைய இருக்கிறது. வருவதைத் திருத்தாமல் அச்சிட வார இதழ்கள் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், ஜோக் பக்கத்துக்கு நேர் எதிரே.