வீட்டிற்கேற்ற சாதுவான நாய்

கன்னிவாடிப் பக்கத்துக் குடியானவர்கள் நாய் வளர்க்குமுன், தோப்புக் காவலுக்கா, குழந்தைகள் உள்ள வீட்டிற்கா என்று முதலில் தீர்மானித்தல் வேண்டும். செந்நிறமும் கரிய முகவாயும் உடைய கோம்பை நாய் சீற்றம் மிகுந்தது, தோப்பிற்கே உகந்தது. 2005-ஆம் வருஷம் தபால் தலையில் இடம்பெற்ற வெண்ணிற இராஜபாளையம் நாய் அந்நியரை எளிதில் அண்டவிடாது. சில குட்டிகள் பிறவிச் செவிடாவதும் உண்டு. அமைதியான இல்லத்திற்குக் கூச்ச சுபாவமுள்ள கருநிறக் கன்னி நாயே தக்கது. ஆயினும் அது வேட்டை ஜாதியாதலின், ஓடியாட இடம் வேண்டும். ஆடு கோழிகளோடு குட்டியிலேயே பழக்கவும் வேண்டும். ஓயாது கட்டிவைத்தால் சாதுவான நாயும் குரைக்கும், கடிக்கும்.

குட்டி வாங்குமுன் தாயின் குணத்தை நோக்குக. பின்னின்று கைதட்டிச் செவிப்புலனைச் சோதிக்க. 3-ஆம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் கால்நடை வைத்தியர் கூறும் தவணைகளில் மறு ஊசியும் தவறலாகாது. வெறிநோய்க் குறிகள் கண்டபின் மனிதரைக் காக்க மருந்தில்லை.