‘குடும்பக் கணினி’ கற்பிக்கும் பாடம்

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளுக்கு முன்னோடியாய் அமைந்தது ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. 1990-களில் ‘டி.வி. கேம்’ என்னும் பெயரோடு தமிழகத்து இல்லங்களுக்குள் புகுந்த அதனை, இன்றைய பெற்றோருள் பலர் தம் இளமையில் அறிந்திருப்பர். அதன் வரலாற்றில் பிள்ளை வளர்ப்புக்கு உதவும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது.

தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டிலேயே ஆடத்தக்க கருவியை முதலில் உருவாக்கியவர் ரால்ஃப் பேயர். நாசிக் கொடுமைக்குத் தப்பி 1938-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பத்தின் மைந்தர் அவர். அவரது முயற்சியின் பயனாக, 1972-இல் ‘ஒடிசி’ என்னும் பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் தரமற்ற விளையாட்டுகள் மலிந்தமையால், 1983-இல் அந்நாட்டில் இத்தொழிலே சரிந்தது.

அவ்வாண்டு ஜூலை 15-ஆம் நாள், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் புதியதொரு பெட்டியை வெளியிட்டது. 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. மசாயுகி உவேமுரா என்னும் பொறியாளர் வடிவமைத்த அப்பெட்டிக்கு ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, அதாவது ‘குடும்பக் கணினி’ என்று பெயரிட்டனர். விலை 14,800 யென். இருவர் ஆடுவதற்கென 2 கைக்கருவிகள் பெட்டியோடே பிணைக்கப்பட்டிருந்தன. 2003 வரை உற்பத்தியான இது, உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

1985-இல் ஷிகெரு மியாமோட்டோ படைத்த ‘சூப்பர் மாரியோ’ இப்பெட்டிக்குப் பெரும்புகழ் சேர்த்தது. அவ்விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. வானத்து மேகத்திற்கும் தரையின் புதருக்கும் ஒரே உருவத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தினர். சிக்கனம் அறிந்த இல்லத்தரசியின் கைவண்ணம் போன்றது அது! இருவர் ஆடினால், ஒருவருடைய ‘உயிர்’ போனபின்னரே மற்றவருக்கு வாய்ப்பு வரும். தம்பி ஆடும்போது அண்ணன் காத்திருந்தே ஆகவேண்டும்.

நம் நாட்டுக்குப் பெரிதும் வந்து சேர்ந்தவை இப்பெட்டியின் நகல்களே. சென்னைப் பர்மா பஜார் போன்ற கடைவீதிகளில் அவை விலைபோயின. சிறுவர்கள் அதன் ‘கேசட்’டின் அடியில் ‘ஃபூ’வென்று ஊதிச் செருகியதை யார் மறப்பர்? படிப்புக் கெடுகிறது, கண் கெடுகிறது என்று பெற்றோர் கடிந்துகொண்டதும் உண்டு. அக்கண்டிப்பில் நியாயமும் இருந்தது. எனினும் பெட்டி இருந்த இடம் வீட்டின் கூடம். பிள்ளை என்ன ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதை அடுக்களையிலிருந்தே அன்னை அறிந்தாள். செய்தி நேரம் வந்ததும் தந்தை கருவியை அணைக்கச் சொன்னார்.

இன்றோ, பள்ளிப்பட்டின் விசைத்தறி இல்லங்களிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு இரவுப் பணிக்குச் செல்வோர் வீடுகளிலும், கைப்பேசி பிள்ளையின் போர்வைக்குள் சென்றுவிட்டது. உழைத்துக் களைத்த பெற்றோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், கட்டுக்கடங்காத விளையாட்டு மோகத்தை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்திருப்பதை நாம் புறக்கணிக்கலாமா?

திருச்சபை விளையாட்டைப் பகைக்கவில்லை. 2007-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், வன்முறையைப் போற்றும் காணொளி விளையாட்டுகளைக் கண்டித்தார். நல்லதைத் தேர்ந்துகொள்ளப் பிள்ளைகளைப் பழக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அகுதிஸிடமும் விளையாட்டுப் பெட்டி இருந்தது. வாரத்திற்கு ஒரு மணி நேரமே ஆடுவதெனத் தமக்குத்தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்று அவருடைய அன்னை கூறியுள்ளார்.

பெற்றோரே, கைப்பேசியைப் பறிப்பதால் மட்டும் பயன் விளையாது. அதனைக் கூடத்திற்குக் கொண்டுவாருங்கள். நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் அருகில் அமர்ந்து, “இப்போது என் முறை” என்று கேளுங்கள். தோற்றுப்போவீர்கள், பிள்ளை சிரிப்பான். அச்சிரிப்பில் உங்கள் இல்லம் மீண்டும் ஒன்றுகூடும்.