சீக்கிரமே படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஐ.க்யூ. டெஸ்ட் தேவையா?

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பேருந்தின் ஊர்ப்பலகை, மருந்துக்கடை போர்டு, தாத்தா மடித்து வைத்த நாளிதழ் என்று கண்ணில் படுவதையெல்லாம் படித்துவிடுகிறது. யு.கே.ஜி. மிஸ் அம்மாவைக் கூப்பிட்டு, “இவளுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமே மிச்சமில்லைங்க. ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்” என்கிறார். பெருமையும் பதற்றமும் ஒன்றாக வருகின்றன. எடுக்காமல் விட்டால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஏதோ ஒன்று தவறிவிடுமோ?

தமிழ்நாட்டில் அந்தப் பயம் வேண்டாம். அமெரிக்காவின் பல ஊர்ப் பள்ளிகளில் மீத்திறன் குழந்தைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. அங்கே இந்த டெஸ்ட் ஒரு நுழைவுச் சீட்டு. சிங்கப்பூர் 1984 முதல் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, சுமார் ஒரு சதவீதப் பிள்ளைகளைத் தனித் திட்டத்துக்கு எடுத்துவந்தது. அதையே இப்போதுள்ள வடிவில் கைவிடப்போவதாக 2024-இல் அறிவித்துவிட்டார்கள். நம் ஊரில் ஐ.க்யூ. அறிக்கையைக் காட்டிச் சேரும் வகுப்பு பொதுவாகக் கிடையாது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கோ, ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கோ அந்த அறிக்கையை யாரும் கேட்பதில்லை.

ஆகவே டெஸ்டுக்கு நாள் குறிப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: முடிவு கையில் வந்தபின் நாம் எதை மாற்றிச் செய்யப்போகிறோம்? பதில் இருந்தால் எடுக்கலாம். “சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்” என்றால் பொறுத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேவும் தியோடர் சிமோனும் முதல் சோதனையை உருவாக்கியது மேதைகளைத் தேடி அல்ல. வகுப்பில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியத்தான். இன்று பரவலாக நடப்பவை வெக்ஸ்லர் சோதனைகள். இரண்டரை வயது முதல் ஏழரை வயது வரைக்கும் ஒன்று, ஆறு முதல் பதினாறு வரைக்கும் இன்னொன்று. சராசரி 100. நூறு பேரில் சுமார் இரண்டு பேர் 130-ஐத் தாண்டுவார்கள். ஆனால் சிறு வயதில் வரும் எண் நிலையானது அல்ல. அறிமுகமில்லாத அறை, அன்றைக்குச் சரியாகத் தூங்காதது, பாதியில் வந்த பசி, எல்லாமே எண்ணில் தெரியும். நல்ல அறிக்கையில் ஒற்றை எண்ணோடு, அது எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்பதும் எழுதியிருக்கும்.

மொழியும் முக்கியம். வீட்டில் தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பொருள் கேட்டால், குறைவது அறிவல்ல, ஆங்கிலப் பழக்கம். எந்தச் சோதனை என்பதையும் கேளுங்கள். இன்னமும் பல இடங்களில் நடக்கும் பினே-காமத் சோதனை, 1930-களில் வி.வி. காமத் மராத்தி, கன்னடம் பேசும் பிள்ளைகளை வைத்து வடிவமைத்தது. அளவுகோல் பழையதாக இருந்தால் இன்றைய பிள்ளைகளுக்கு எண் தூக்கலாகவே வரும். பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி என்று இந்த ஏற்றத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வாசிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்ட குழந்தை எதையும் சத்தமாகப் படித்துவிடும். ஆங்கிலத்தைப் போல எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே பெரிய சிக்கல் கிடையாது. அதனால் நாளிதழை மளமளவென்று படிப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுகட்ட முடியாது. ஒரு கதையைப் படிக்கவிட்டு, புத்தகத்தை மூடி, “அந்தக் குரங்கு ஏன் திரும்பி வந்துச்சு? நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்று கேளுங்கள். கதையில் இல்லாத காரணத்தைக்கூடச் சொல்லி உங்களோடு வாதாடினால், மனசு படித்திருக்கிறது. வரிகளை அப்படியே ஒப்பித்து, கேள்விக்குப் பதிலே வராமல், பேச்சிலும் விளையாட்டிலும் மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமல் இருந்தால், அதற்கு ஹைப்பர்லெக்ஸியா என்று பெயர் இருக்கிறது. சில குழந்தைகளிடம் அது ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும். அப்போது ஐ.க்யூ. எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். வளர்ச்சியை மதிப்பிடும் குழந்தை நல மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள்.

தயங்காமல் டெஸ்ட் எடுக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. ஏழு வயதுப் பையன் வியாழன் கிரகத்தின் நிலாக்களைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். அதையே மூன்று வரி எழுதச் சொன்னால் பென்சிலை வீசிவிட்டு அழுவான். “சோம்பேறி” என்று பள்ளி சொல்லும். கூர்மையான அறிவும் டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிடும். மொத்த எண் சராசரியாகத்தான் தெரியும்; உட்பிரிவுகளின் மதிப்பெண்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதேபோல, பள்ளியே டபுள் ப்ரமோஷன் பேச்சை எடுத்தாலும் முழு மதிப்பீடு உதவும். வகுப்பில் சலித்துப்போய்த் தினமும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் உதவும்.

போவதானால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. விரல்ரேகை எடுத்து மூளைத்திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளுக்கே வந்து காசு வாங்குபவர்களை நம்பாதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

டெஸ்ட் இல்லாமலும் செய்ய நிறைய இருக்கிறது. வகுப்பு வேலையை முடித்ததும் சொந்தப் புத்தகத்தைப் படிக்க அனுமதி தருமாறு மிஸ்ஸிடம் கேளுங்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களைத் தந்திருக்கிறது, யு.கே.ஜி. பிள்ளை ‘ஓடு’ நிலைக்குப் போனால் போகட்டும். கொஞ்சம் வளர்ந்தால் சிறுவர் அறிவியல் இதழான ‘துளிர்’ இருக்கிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு.

எடுப்பது என்று முடிவுசெய்தால் முன்கூட்டியே பயிற்சி கொடுக்காதீர்கள். “ஒரு அக்கா புதிர் போடுவாங்க, தெரிஞ்சதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு” என்பது போதும். வரும் எண்ணைக் குழந்தையிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்ல வேண்டாம். அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அதே சோதனையை ஓராண்டுக்குள் திரும்ப எடுத்தால் பழக்கத்தாலேயே எண் கூடும் என்பதால், மறுபடி பார்க்க வேண்டியிருந்தால் எட்டு, ஒன்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம்.