துரையின் மனச்சாட்சியும் ஏழு மைல் செம்மண் சாலையும்

என் பெரியம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். ஆறாவது பிறந்தபோது இரத்த அழுத்தம் ஏறி, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அது 1978-ஆம் ஆண்டு. இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று பட்டணத்து டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் கலந்து பேசி, கருத்தடை ஆப்பரேஷனுக்கு நாள் குறித்து வாங்கி வந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

எங்கள் தோட்டம் பீடோங் வட்டாரத்தில், பஸ் ஓடும் சாலையிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்தது. மழை பெய்தால் செம்மண் சாலையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நோயாளிகளைக் காலையில் ஏற்றிச் செல்லத் தோட்டத்து லோரி உண்டு. லோரிக்கும் லீவுக்கும் துரையின் கையெழுத்து வேண்டும்.

துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாரியம்மன் கோயில் கூரைக்குத் தகரம் கொடுத்தவர் அவர்தான். தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். பெரிய கிராணி மூலமாக அவருடைய பதில் வந்தது. "கருவைத் தடுப்பது என் சமயத்தில் பாவம். அந்த அம்மாள் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் என் லோரியில் ஏற்றி, சம்பளத்தோடு லீவும் கொடுத்தால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வரும்."

பெரியம்மா மருந்துக் கொட்டகைக்குப் போய் டிரசரிடம் அழுதார்.

"ஏம்மா அழுவுறே? ஒனக்கு பிரஷர் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்கய்யா."

"அப்ப பிரஷர்னு எழுதுறேன். நாளைக்குக் காலையில லோரி ஏறு."

அவர் எழுதியது பொய்யில்லை, முழுக்கதையும் இல்லை. நோயாளி என்று டிரசர் எழுதிக் கொடுத்தவரை ஏற்றாமல் லோரி போகாது. பெரியம்மா போனார், ஆப்பரேஷன் செய்துகொண்டார், திரும்பி வந்தார். விஷயம் பின்னால் தெரிந்தபோது துரை சத்தம் போடவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் நாலு நாள் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

இந்தக் கதையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். ஏறக்குறைய இதே வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போனது என்று படித்தபோது எனக்குச் செம்மண் சாலைதான் கண்ணில் வந்தது.

அந்த நாட்டில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்புறுதி வேலை செய்யும் இடத்தின் வழியாகத்தான் கிடைக்கிறது. 2010-ல் அதிபர் ஒபாமா காலத்தில் வந்த சட்டம், பெரிய முதலாளிகள் கொடுக்கும் காப்புறுதியில் இன்னின்ன சேவைகள் தனிக் கட்டணமின்றி இருக்க வேண்டும் என்றது. அதன் கீழ் வந்த விதிகளில், அரசு அங்கீகரித்த 20 வகைக் கருத்தடை முறைகளும் சேர்ந்தன. ஓக்லஹோமாவில் 'ஹாபி லாபி' என்றொரு கைவினைப் பொருள் கடை நிறுவனம் இருக்கிறது. டேவிட் கிரீன் என்பவர் 1970-ல் 600 டாலர் கடன் வாங்கிப் படச்சட்டம் செய்யத் தொடங்கி, வழக்கு நடந்த காலத்தில் ஏறக்குறைய 500 கடைகள், 13,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் என்று வளர்த்திருந்த குடும்பத் தொழில் அது. நஷ்டம் வந்தாலும் சரி என்று ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுகிற கிறிஸ்துவக் குடும்பம். 20 முறைகளில் 16-க்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு வகை மாத்திரைகளும் இரண்டு வகைக் கருப்பைச் சாதனங்களும் உருவான கருவையே அழிக்கக்கூடும் என்று நம்பினார்கள். அந்த நான்குக்கும் பணம் கட்ட மாட்டோம் என்றார்கள். கட்டாவிட்டால் ஆண்டுக்குச் சுமார் 47 கோடி 50 இலட்சம் டாலர் அபராதம் வரும் என்று கணக்கிடப்பட்டது.

2014 ஜூன் 30-ல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் கிரீன் குடும்பத்தின் பக்கம் நின்றார்கள். நீதிபதி அலிட்டோ எழுதிய அந்தத் தீர்ப்பு, 1993-ல் இயற்றிய சமயச் சுதந்திரச் சட்டம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது.

அந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஒரிகன் மாநிலத்தில் பூர்வகுடிச் சமயச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளிச் செடியை உட்கொண்ட இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேலையிழந்தோருக்கான உதவித் தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அதைக் கண்டு பொறுக்காமல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் 1993-ல் சட்டம் செய்தது. வேலை போன இரண்டு சாமானியர்களுக்காக எழுந்த குடை, இருபது ஆண்டு கழித்து ஐந்நூறு கடை வைத்திருப்பவருக்கு நிழல் கொடுத்தது.

மாறுபட்டு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் அம்மையார் ஒரு கணக்கைக் காட்டினார். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்குக் கருப்பைச் சாதனத்தின் செலவு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். முதலாளியின் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாத ஆயிரக்கணக்கான பெண்கள் மேல் அந்தச் சுமை விழும் என்றார்.

பெரும்பான்மை நீதிபதிகளும் பெண்களைத் தெருவில் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலாளியை வற்புறுத்தாமலே இந்தச் சேவையைக் கொடுக்க வேறு வழி இருக்கிறது என்றார்கள். அரசாங்கமே செலவை ஏற்கலாம். அல்லது சமய நிறுவனங்களுக்கு ஏற்கெனவே செய்தது போல, காப்புறுதிக் கம்பெனியே நேராகக் கொடுக்கலாம். 2015-ல் அப்படியே விதியும் வந்தது. 2017-ல் ஆட்சி மாறியதும், அந்த மாற்று வழியை முதலாளி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று புது விதி வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அப்படி விதி செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றது.

இதைத்தான் நான் செம்மண் சாலை என்கிறேன். பெரியம்மாவுக்கும் மாற்று வழி இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி திறந்தே இருந்தது. அங்கே கத்தியைப் பிடித்த டாக்டருக்குத் துரை ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. காகிதத்தில் பார்த்தால் துரையின் சமயத்துக்கும் இடைஞ்சலில்லை, பெரியம்மாவின் உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் நடுவில் ஏழு மைல் கிடக்கிறதே! சாலையும் லோரியும் லீவும் ஒருவர் கையில் இருக்கும்போது, 'நான் தடுக்கவில்லை' என்று அவர் சொல்வது அவருக்கு உண்மையாகவே தோன்றலாம். பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண்ணுக்கு அது தடைதான்.

தோட்டத்தில் முதலாளியின் நல்ல மனத்தை நம்பி மட்டும் மருத்துவம் வரவில்லை. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, அன்றைய மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1912-லும் 1923-லும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொன்னதும் 1923 சட்டம்தான். ஆகவே ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அது தாய்வீடு. கெடா அந்த ஐக்கியத்தில் சேராத மாநிலம். ஆனாலும் அதே வழியில் இங்கும் சட்டம் வந்தது. 1955-ல் வேலைச் சட்டம் வந்தது. 1965-ல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. எங்கள் டிரசரின் பேனாவுக்கு அந்தத் துணிவு அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். சம்பளம் துரை கொடுத்தாலும், அவர் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது. 1990-ல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வீட்டோடு குழந்தைக் காப்பகத்தையும் மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமையாக வைத்தது.

அப்படியானால் அரசாங்கம் சொல்வதெல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஆகிய ஒரே ஆண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆப்பரேஷன் நடந்தது. அதில் கட்டாயத்துக்கு ஆளான ஏழைகள் ஏராளம். நம் நாட்டில் அந்தக் கொடுமை இல்லை. 1966-ல் குடும்பத் திட்டச் சட்டம் வந்தபோது அளவான குடும்பம் நல்லது என்றார்கள். 1984-ல், நாட்டின் மக்கள்தொகை ஒரு நாள் ஏழு கோடியாக வளர வேண்டும் என்று கொள்கையைத் திருப்பினார்கள். பெரியம்மாவின் கருப்பை அதே கருப்பைதான். கோலாலம்பூரில் கணக்கு மாறிவிட்டது! வேலைச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்த பேறுக்கு முதலாளி அலவன்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்தாவது பிள்ளைக்கும் ஆறாவது பிள்ளைக்கும் பசியில் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆகவே துரையின் சமயமும் வேண்டாம், அரசாங்கத்தின் கணக்கும் வேண்டாம், படுக்கையில் கிடக்கும் அந்தப் பெண்ணும் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும் என்பதே என் கட்சி. முதலாளி கட்டுகிற மருத்துவச் செலவு, அவள் வெட்டிய பாலிலிருந்து வந்த பணம். அது அவளுடைய சம்பளத்தின் ஒரு பகுதி. சம்பளக் கவரில் இருக்கும் காசில் அவள் கோழி வாங்கினாளா கீரை வாங்கினாளா என்று எந்தத் துரையும் கேட்பதில்லை.

இதனால் சமயத்துக்கு மரியாதை குறைந்துவிடாது. பினாங்கில் 1924-ல் தொடங்கிய அட்வென்டிஸ்ட் மருத்துவமனையை நம் பக்கத்தார் பலருக்குத் தெரியும். அதை நடத்துகிற சபையின் கொள்கைப்படி அங்கே சமையற்கட்டு சைவம். நம்மில் சைவக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். மற்றவர்கள் இரண்டு நாள் மீன் குழம்பை மறந்திருக்கிறார்கள், குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் 1998-ல் வந்த தனியார் மருத்துவ வசதிச் சட்டப்படி, அவசர நோயாளி வந்தால் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும். சமையலறையில் சபையின் கொள்கை, அவசரப் பிரிவில் நாட்டின் சட்டம். இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்க முடிகிறது.

இன்று எங்கள் தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் சிலரே. பலர் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் தாமான்களில் குடியேறி, தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். கித்தா இருந்த இடத்தில் செம்பனை. லயங்களில் இந்தோனேசியப் பெண்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஒரு பெண் கர்ப்பமென்று தெரிந்தால் அவள் தகுதியற்றவள் என்றுதான் எழுதப்படுகிறது. ஊர் திரும்ப வேண்டியதுதான். பெரியம்மாவுக்கு ஒரு டிரசர் இருந்தார். இவர்களுக்கு யார் சீட்டு எழுதுவார்?

பெரியம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்குப் போயிருந்தபோது துரையைப் பற்றிக் கேட்டேன். "நல்ல மனுசன்தான் கண்ணு. கோயிலுக்குத் தகரம் குடுத்தாரே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த நாலு நாள் சம்பளத்தைக் கேட்டிருக்கலாம். எங்க போய்க் கேக்கறதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?" என்றார்.

இப்போது தெரிந்துகொள்ளலாம். டாக்டரின் சீட்டு இருந்தால், வேலைச் சட்டப்படி சர்வீஸ் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. பிள்ளைப்பேற்று விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். சம்பளச் சீட்டையும் டாக்டர் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.