ஆறுமணிக்குருவியும் அள்ளாத சருகும்

பச்சை முதுகு, நீலத் தீற்றுள்ள சிறகு, சிவந்த வாலடி என இத்தனை வண்ணம் இருந்தும் ஆறுமணிக்குருவி எளிதில் கண்ணில் படாது. புதரடி நிழலில் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தேடும் பறவை இது. விடியலிலும் அந்தியிலும் எழும் இரட்டைச் சீழ்க்கைதான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. பெயரும் அதனால் வந்ததே. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் இக்குருவியை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் கிண்டி தேசியப் பூங்காவிலும் காணலாம். மரம் மட்டும் போதுமென்றால் நிழல் அடர்ந்த நம் தெருக்களிலும் இது தங்கவேண்டுமே! அங்கே தரையைத் தினமும் பெருக்கிவிடுகிறோம். சருகு கொசுவை வளர்க்கும் என்பார்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். மட்கும் இலையடியில் பெருகுபவை கரையானும் வண்டும் மண்புழுவும். நெடுந்தொலைவு பறந்து களைத்து இறங்கும் குருவிக்கு அவைதான் முதல் உணவு.