மரிக்கொழுந்து பாசி மறதியைத் தீர்க்குமா? ஈ மூளையும் நம்ம மூளையும் சொல்லும் கணக்கு

பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து பாசி, அகர் தயாரிக்கப் போகும் சரக்கு. அதில் மறதி நோய்க்கும் மருந்து இருக்குமா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2017-ல் வெளியான ஆய்வில், இந்தப் பாசியின் சாறு கொடுத்த சுண்டெலிகளுக்கு நினைவாற்றல் பாதிப்பு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால், எலிக்கு மறதியை உண்டாக்கச் செலுத்தியது ‘அமிலாய்டு’ புரதத்தின் ஒரு துண்டு மட்டுமே. அல்சைமரில் இன்னொரு வில்லனும் இருக்கு: ‘டாவ்’ (லவ் பண்ற ‘டாவு’ இல்லைங்க, கிரேக்க எழுத்தின் பெயர்).

நரம்பு செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்துக்குத் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றோடு ஒட்டி, நிலையாக வைத்திருக்க உதவும் புரதங்களில் ஒன்று டாவ். 1975-ல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அல்சைமரில் இதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறுது. டாவ் குழாயை விட்டு நழுவி, முடிச்சு முடிச்சாகத் திரளுது.

இதை ஆராய ரொம்பக் கைகொடுப்பது, வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டிப் பழ ஈ. செலவு குறைவு, பத்தே நாளில் அடுத்த தலைமுறை ரெடி. ஈக்கும் டாவ் உண்டு. ஆனா அச்சு அசலா நம்முடையது இல்லை. குழாயைப் பிடிக்கும் ‘கொக்கி’ப் பகுதி நம்ம டாவில் மூன்று அல்லது நான்கு முறை வரும், ஈயில் ஐந்து. நம்ம டாவின் முன்பகுதியில் வரும் சில துண்டுகள் ஈயில் இல்லை. பாலூட்டிகளில் டாவுக்கு மேப்-2, மேப்-4 என்று நெருங்கிய சொந்தங்கள் உண்டு. ஈயில் அந்தக் குடும்பத்துக்கே டாவ் ஒருத்தர்தான்.

அதனால் மனித டாவ் மரபணுவையே ஈக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2001-ல் வந்த முடிவு ஆச்சரியமானது: நரம்பு செல்கள் செத்தன, ஈயின் ஆயுளும் குறைந்தது, ஆனால் முடிச்சே விழவில்லை! அதாவது, முடிச்சு இல்லாமலேயே டாவால் செல்லைக் கொல்ல முடியும். என்னைக் கேட்டால், ஈ சொல்லிக்கொடுத்த பெரிய பாடம் இதுதான்.

சரி, எலியும் பாலூட்டிதானே, அது போதாதா? போதாது. வளர்ந்த சுண்டெலி மூளையில் நான்கு கொக்கி டாவ்தான் பெரும்பாலும். நமக்கு மூன்றும் நான்கும் கிட்டத்தட்டச் சரிபாதி.

ஆக, அந்தப் பாசிச் சாறு தாண்டியிருப்பது எலியின் அமிலாய்டு கட்டத்தை மட்டும்தான். மனித டாவ் வைத்த ஈ, எலி, அப்புறம் மனிதர்கள் என்று வரிசை நீளுது. அதுவரை பாட்டிக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திட்டு, பாசிப் பொடி ஆர்டர் போட்டுடாதீங்க.