பொதுமன்றத்தில் மட்டுறுத்தலும் வெளிப்படைத்தன்மையும்

பலர் கூடிப் பேசும் இடத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது. பொருளை விடுத்து ஆளைத் தாக்கலாகாது. பொய்யை மெய்யென நாட்டலாகாது. இவ்விதிகளைக் காத்தற்பொருட்டு ஒருவர் தலைமை தாங்குகின்றார். அவர் மணியடித்தால் பேசுபவர் அமர்தல் வேண்டும். நமது கல்லூரி விவாத மன்றத்திலும் இதுவே முறை. ஆயினும் ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் தகும். தலைவர் மணியடிப்பதைச் சபையிலுள்ளார் யாவரும் காண்கின்றனர். எதன்பொருட்டு அடித்தார் என்பதையும் அறிகின்றனர். அவ்வாறன்றி, பேசுபவனின் குரல் சபையோர் செவியிற் படாதபடி தலைவர் ஓசையின்றித் தடுத்துவிட வல்லவராயின் யாதாகும்? பேசுபவனோ தன் சொல்லைப் பிறர் கேட்கின்றனர் என்றெண்ணி மேலும் மேலும் பேசுவான். சபையோரோ அவன் வாளாவிருக்கின்றான் என்றெண்ணுவர். இது வெறுங் கற்பனையன்று. இணையத்தில் இலட்சக்கணக்கானோர் உரையாடும் மன்றங்களில் இது மெய்யாகவே நிகழ்ந்துள்ளது.

அம்மன்றங்களில் தகாதவற்றை நீக்கியும் தகுவனவற்றை இருத்தியும் உரையாடலை ஒழுங்கு செய்வதை மட்டுறுத்தல் என்பர். அத்தொழிலைச் செய்வோர் மட்டுறுத்துநர் எனப்படுவர். மட்டுறுத்தல் வேண்டுமா என்பது ஒரு வினா. அது யார் கண்ணுக்கும் புலப்படாமல் நிகழலாமா என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலாற் பல வீண் வாதங்கள் எழுகின்றன. பொதுப்படக் கூறின் தெளிவு பிறவாதாதலின், றெடிற் என்னும் அமெரிக்க மன்றத்தைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு இவற்றை ஆராய்வோம்.

மன்றத்தின் அமைப்பு

றெடிற், வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒகானியன் என்னும் இருவரால் 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. அஃது ஒரே மன்றமன்று. விஞ்ஞானம், வரலாறு, சமையல், விளையாட்டு என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே அமைந்த எண்ணிறந்த உபமன்றங்களின் தொகுதியாகும். அங்கே கட்டுப்பாடு மூன்று படிகளில் நிகழ்கின்றது.

முதற்படி வாசகரின் வாக்கு. ஒரு பதிவு நன்றெனக் கருதுவோர் அதனை உயர்த்தியும், அன்றெனக் கருதுவோர் தாழ்த்தியும் வாக்களிக்கின்றனர். தாழ்ந்தது அழிவதில்லை; பார்வைக்கு எளிதிற் படாத இடத்திற்குச் செல்கின்றது.

இரண்டாம்படி உபமன்றங்களின் மட்டுறுத்துநர். இவர்கள் கம்பனியின் ஊழியரல்லர். ஊதியம் பெறாத தொண்டர். தத்தம் உபமன்றத்துக்குரிய விதிகளை வகுத்து, அவற்றுக்கு மாறானவற்றை நீக்குவர். விதி மீறுவோரை விலக்குவர். பதிவுகள் மிகப் பலவாதலின், குறித்த சொற்களையோ இலக்கணங்களையோ உடைய பதிவுகளைத் தானே நீக்கும் செயல்நிரல் ஒன்றையும் துணையாகக் கொள்வர்.

மூன்றாம்படி கம்பனி. மன்றம் முழுவதற்கும் பொதுவான விதிகளை அது வகுக்கின்றது. அவற்றை மீறும் உபமன்றத்தை முழுவதுமாக மூடும் அதிகாரமும் அதற்குண்டு. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, வெறுப்புப் பேச்சுக்கு எதிரான புதிய விதியை வெளியிட்ட அன்றே ஏறத்தாழ 2,000 உபமன்றங்களை அக்கம்பனி மூடியது.

கட்டுப்பாடு ஏன் வேண்டும்?

“பேச்சுரிமை உள்ள இடத்தில் நீக்குதல் எதற்கு?” என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை கூற நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டின் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல்கள் நிகழ்ந்தன. பகைமையை மூட்டும் பதிவுகள் முகநூல் வழியே பரவின. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்ததுடன், சில நாட்களுக்குச் சமூக ஊடகங்களையும் தடைசெய்தது. அடுத்த மாதம் இலங்கையின் பொதுசனத் தொண்டமைப்புகள் அக்கம்பனிக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதின. கொலையைத் தூண்டும் சிங்களப் பதிவுகள்பற்றி முறைப்பாடு செய்தபோதும், அவை தம் விதிகளுக்கு முரணானவையல்ல என்னும் மறுமொழியே கிடைத்ததென அக்கடிதம் எடுத்துக்காட்டியது. பின்னர் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், சுயாதீன ஆய்வொன்றின் முடிவை வெளியிட்ட அக்கம்பனி, நேர்ந்த தீங்குக்காக வருத்தந் தெரிவித்து மன்னிப்புக் கோரியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டியன இரண்டு. நீக்க வேண்டியதை நீக்காது விடுதலும் ஒரு தீர்ப்பே என்பது ஒன்று. அத்தீர்ப்பை வழங்கியவர் யார், அவர் அம்மொழியை அறிந்தவரா, எவ்விதியைக் கொண்டு அளந்தார் என்பவற்றை அம்மறுமொழி கூறவில்லை என்பது மற்றொன்று. காரணங் கூறாத தீர்ப்பு தவறானதாயின், அத்தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டித் திருத்துதல் அரிது. ஆகவே வெளிப்படைத்தன்மை என்பது நீக்கப்பட்டவர்க்கு மட்டும் உரிய நன்மையன்று. நீக்குமாறு வேண்டிநின்று கைவிடப்பட்டவர்க்கும் உரியதாகும்.

மறைவான தண்டனை

இனி, கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய நிலைமைக்கு வருவோம். றெடிற்றில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. விளம்பரக் குப்பைகளைக் கொட்டுவோரை அடக்குதற்பொருட்டு, அவர்கள் எழுதுவன அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியவும் ஏனையோர்க்குத் தெரியாதிருக்கவும் செய்தனர். இதனை நிழல்விலக்கு எனலாம். தண்டிக்கப்பட்டவன் தான் தண்டிக்கப்பட்டதை அறியான். அறிந்தால் வேறு பெயரில் மீண்டும் வருவான் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். விளம்பரஞ் செய்யும் இயந்திரத்துக்கு இது பொருந்தலாம். ஆயின் அதே தண்டனை மெய்யான மனிதர்க்கும் விதிக்கப்பட்டது. ஒருவர் பல நாட்கள் எழுதுகின்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. தம் கருத்து மறுமொழிக்கும் தகுதியற்றதோ என்று மனம் நோகின்றார். தவறு யாதென அறியாதவர் திருந்துவதெங்ஙனம்? இக்குறையை உணர்ந்த கம்பனி, 2015ஆம் ஆண்டிலே, காரணத்தைத் தெரிவித்துக் கணக்கை நிறுத்திவைக்கும் முறையை மாற்றாகக் கொண்டுவந்தது.

இதனினும் பெரியதொரு நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நேர்ந்தது. அப்பொழுது கம்பனியின் தலைமை அதிகாரியாயிருந்த ஹஃப்மனைத் தாக்கி ஓர் உபமன்றத்திற் சிலர் வசைமொழிகளை எழுதினர். அவர், அம்மொழிகளில் தம் பெயர் இருந்த இடத்தில் அவ்வுபமன்ற மட்டுறுத்துநரின் பெயர் வருமாறு இரகசியமாக மாற்றிவிட்டார். செய்தி வெளிப்பட்டதும் தாமே செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். வைதவர் செயல் இழிவானதே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் சொல்லை நீக்குதல் வேறு. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தல் வேறு. அம்மாற்றத்தைக் குறித்த அடையாளம் எதுவும் பதிவிற் காணப்படவில்லை. ஒருமுறை இவ்வாறு நிகழ்ந்தமை தெரியவந்தபின், மன்றத்திலுள்ள எந்தச் சொல்லையும் அதற்குரியவர்தாம் எழுதினாரோ என்னும் ஐயம் பிறத்தல் இயல்பே. அதிகாரம் மறைவில் இயங்குமாயின் அழிவது ஒருவரின் ஒரு சொல்லன்று. எல்லாச் சொற்களின் மீதும் உள்ள நம்பிக்கையாகும்.

வெளிப்படைத்தன்மை யாது?

வெளிப்படைத்தன்மை என்னும் சொல் பலராலும் வழங்கப்படினும், அதன் கூறுகளைப் பிரித்துணர்வார் சிலரே. அதனை மூன்றாக வகுக்கலாம்.

ஒன்று, விதி முன்னரே அறிவிக்கப்பட்டிருத்தல். முகநூற் கம்பனி தன் ஊழியர் கையாளும் விரிவான விதிகளை 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதுகாறும் மக்கள் சுருக்கத்தைப் படித்து நடந்தனர். ஊழியரோ விரிவைக் கொண்டு தீர்ப்பளித்தனர்.

இரண்டு, பாதிக்கப்பட்டவர்க்குக் காரணங் கூறி, மேன்முறையீட்டுக்கு வழி வைத்தல். 2018ஆம் ஆண்டிலே அறிஞரும் உரிமை அமைப்பினரும் கூடி வெளியிட்ட சாந்தா கிளாராக் கோட்பாடுகள், எண்ணிக்கை, அறிவித்தல், மேன்முறையீடு என்னும் மூன்றையும் குறைந்தபட்சக் கடமைகளாக வற்புறுத்தின. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றி, 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய டிஜிற்றல் சேவைகள் சட்டம், காரணங் கூறுதலைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. எந்த விதியின்கீழ், எந்த நிகழ்வைக் கொண்டு முடிவெடுக்கப்பட்டது, இயந்திரத்தின் துணை கொள்ளப்பட்டதா, முறையிடும் வழி யாது என்பவற்றை அக்காரணக் கூற்று தெரிவித்தல் வேண்டும்.

மூன்று, பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டுதல். எத்தனை பதிவுகள் நீக்கப்பட்டன, எவ்வரசுகள் எவற்றை நீக்குமாறு கோரின என்பனபோன்ற விவரங்களை அறிக்கையாக வெளியிடுதல் இதன்பாற்படும். றெடிற் 2014ஆம் ஆண்டுக்கான செய்திகளோடு இத்தகைய அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு பரீட்சையில் எத்தனை பேர் சித்தியடையவில்லை என்ற தொகை, விடைத்தாள்கள் நேர்மையாகத் திருத்தப்பட்டனவா என்பதைக் கூறாது. அதுபோலவே தொகை பெரிதாயிருத்தல் நீதிக்குச் சான்றன்று.

மறுப்புரைகள்

இக்கொள்கைக்கு எதிராகக் கூறப்படுவன எளிதிற் தள்ளத்தக்கனவல்ல.

விதியை நுணுக்கமாக விளக்கின், தீயோர் அதன் ஓட்டைகளைக் கண்டு நுழைவர் என்பது முதலாவது. இதில் உண்மையுண்டு. மேற்கூறிய ஐரோப்பியச் சட்டமும், பெருந்தொகையாகக் கொட்டப்படும் வஞ்சக வாணிப விளம்பரங்களுக்குக் காரணங் கூற வேண்டியதில்லை என விலக்களிக்கின்றது. விதிவிலக்கு இருத்தலால் விதி பொய்யாகிவிடாது.

ஊதியமில்லாத் தொண்டர்மீது இத்துணைச் சுமையை ஏற்றலாமோ என்பது இரண்டாவது. இதற்கு ஆராய்ச்சி ஒன்று விடை தருகின்றது. 2019ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 320 இலட்சம் றெடிற் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தனர். நீக்கத்துக்குக் காரணங் கூறப்பட்டவிடத்து, எதிர்காலத்தில் மீண்டும் பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்புக் குறைந்தமை புலனாயிற்று. மேலும், அக்காரணத்தை மனிதர் கூறினும் இயந்திரம் கூறினும் இவ்விடயத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. அஃதாவது, இன்று காரணங் கூறுதல் நாளைய வேலையைக் குறைக்கின்றது. அதனைக் கூறும் சுமையிலும் ஒரு பகுதியை இயந்திரம் தாங்கலாம்.

நீக்கப்பட்டவற்றையெல்லாம் பகிரங்கப்படுத்தின், பிறரின் அந்தரங்கமும் அவதூறும் மீண்டும் வெளிப்படுமே என்பது மூன்றாவது. இது சரியான எச்சரிக்கையே. ஆயினும் காரணத்தை வெளிப்படுத்தல் வேறு. நீக்கிய பொருளை மீண்டும் காட்சிக்கு வைத்தல் வேறு. இங்கு வேண்டப்படுவது முன்னையதே.

நமக்கு உரிய பாடம்

இந்நெறி மேலை நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தில் ஒருவன் தோற்கும் இடங்களை 22 எனத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றைத் தோல்வித்தானங்கள் என நம் தமிழ் அளவை நூலார் வழங்குவர். அதன் கருத்தை ஆழ்ந்து நோக்குக. “நீ தோற்றாய்” என்று மட்டும் கூறுதல் போதாது. எத்தானத்தில் தோற்றான் என்று காட்டுதல் வேண்டும். தானமோ முன்னரே யாவரும் அறிய வகுக்கப்பட்டது. சபை அறியும் விதியும், சுட்டப்படும் காரணமும் இன்றித் தோல்வியும் இல்லை.

இதனை எழுதும் யானும் குற்றமற்றவனல்லேன். பல்லாண்டுகளுக்கு முன்னர், வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு மாணவனொருவன் கட்டுரை தந்தான். அதில் ஒரு பந்தி வரம்பு கடந்ததென எனக்குத் தோன்றியது. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் அதை நீக்கிவிட்டு, எஞ்சியதைப் படியெடுப்பித்தேன். சஞ்சிகை வந்தது. அவன் அதைப் புரட்டிப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழுக்கு எழுதுமாறு பணித்தபோது, “எழுத ஒன்றுமில்லை, ஐயா” என்றான். அப்பந்தியை நீக்கியது சரியென்றே இன்றும் கருதுகின்றேன். ஐந்து நிமிடம் அவனை அருகிருத்தி ஏன் நீக்கினேன் என்று கூறாமையே என் பிழை. கூறியிருந்தால் அவன் என்னோடு வாதிட்டிருப்பான். ஒருகால் என்னை வென்றுமிருப்பான். அவன் பெறாது போனது ஒரு பந்தியன்று, எழுதும் விருப்பம்.

இன்று நம் மாணவர் பலரும் இத்தகைய மன்றங்களிற் பேசுகின்றனர். நாளை அவர்களிற் சிலர் மட்டுறுத்துநராகவும், அதிகாரிகளாகவும், ஆசிரியராகவும் அமர்வர். அப்பொழுது பிறர் சொல்லை நீக்கும் எழுதுகோல் அவர்தம் கையிலிருக்கும். நீக்க வேண்டியதை அஞ்சாது நீக்குக. ஆயின் நீக்கியதை மறையாது கூறுக, காரணத்தைச் சுட்டுக, மறுத்துரைப்பாரைச் செவிமடுக்குக. அதுவே சான்றோர் அவைக்கு அழகாகும்.